உருக்கினால் தெரிந்துவிடும்

புதிதாக நகை மதிப்பீட்டு வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது கேட்டவருக்குத் தெரியாது போலிருக்கிறது. உங்களுக்கு இப்போது மெஷின் இருக்கிறது. நகையை உள்ளே வைத்து மூடினால் தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரையில் காட்டிவிடுகிறது. அதுவரை நீங்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கள் காலத்தில் ஒரு உரைகல், ஒரு சீசா திராவகம், ஒரு பூதக்கண்ணாடி, அப்புறம் எல்லாம் தெரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொள்கிற சாமர்த்தியம், இவ்வளவுதான் முதலீடு. முதல் மூன்றைக் கடையில் வாங்கிவிடலாம்.

எனக்குத் திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு சின்னப் பட்டறை. அத்துடன் ஊரில் இருந்த ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக் கடனுக்கு உரசிப் பார்த்துச் சொல்கிற வேலையும் இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஊருக்குள் பாதிப் பேருடைய நகை என் கல்லில் உரசப்பட்டிருக்கிறது. யார் வீட்டு நகையில் எவ்வளவு செம்பு என்பது எனக்குத் தெரியும் என்பதால் கல்யாண வீடுகளில் எனக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டுவிடுவார்கள்.

இந்த ஊரில் மதிப்பீட்டாளராக இருப்பதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அண்ணாமலை கிருத யுகத்தில் நெருப்பு, திரேதா யுகத்தில் மாணிக்கம், துவாபர யுகத்தில் பொன், கலியுகத்தில் கல் என்பது தலபுராணம். பொன்னாக இருந்த மலை கல்லாக மாறும்போது ஓரத்தில் எங்காவது கொஞ்சம் விட்டுப்போயிருக்கும் என்பது ஊர்க்காரர்களின் கணக்கு. பகவான் செய்கிற வேலையைக்கூட நம் ஊர் மேஸ்திரி வேலை மாதிரி நினைத்துக்கொண்டார்கள். கிரிவலம் போனவர், ஆடு மேய்த்தவர், கிணறு வெட்டினவர் எல்லாரும் மின்னுகிற கல் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வருவார்கள். பெரும்பாலும் அது காக்காப்பொன். ஏடு ஏடாக உரிந்து வரும், வெயிலில் பளபளக்கும், நிழலில் கொண்டுபோனால் அடங்கிவிடும். தங்கம் நிழலிலும் அதே முகத்தோடு இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கிணற்றில் கிடைத்த கட்டியைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். மஞ்சளாக, மூலை மூலையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. "நீங்க எடை மட்டும் போடுங்க பத்தரே. தங்கம்னு எனக்கே தெரியும்" என்றார். பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினேன். தூள் தூளாகச் சிதறி, கந்தக வாடை அடித்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல் அப்படித்தான் உடையும். தங்கம் உடையாது, அடியை வாங்கிக்கொண்டு தட்டையாகும். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க சுத்தி சரியில்ல" என்று சொல்லிவிட்டு, தூளையெல்லாம் பொறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னொரு பட்டறைக்குப் போனார்.

இப்படி வருஷக்கணக்காக 'தங்கம் இல்லை, தங்கம் இல்லை' என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கிவிட்டேன். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அப்போது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. தங்கத்தை நகையாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், கட்டியாகக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே கொண்டுவந்தது தங்கம் இல்லை என்றால் அவர் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். தங்கம் என்றால் வேலூருக்குப் போய் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். துவாபர யுகத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் மலையையே பறிமுதல் செய்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தொழிலில் தங்கம் மண்ணிலிருந்து வருகிறது என்று யாரும் நினைப்பதில்லை. அது பம்பாயிலிருந்து வரும், இல்லையென்றால் இன்னொருத்தர் கழுத்திலிருந்து வரும். உருவம் இல்லாத தங்கக் கட்டி ஒன்று பட்டறைக்கு வந்தால் எங்களுக்கு உடனே வருகிற எண்ணம், எங்கேயோ அறுத்த சங்கிலியை உருக்கியிருக்கிறார்கள் என்பதுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது சரியாகவும் இருக்கும். நான் சொல்லப்போவது மிச்சமுள்ள அந்த ஒரு தடவையைப் பற்றி.

அதற்கு முன்னால் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் வேண்டாம், பெரிய பத்தர் என்றே வைத்துக்கொள்வோம். கை வேலையில் அவருக்கு இணை கிடையாது. ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் அவரிடம் இருந்தது ஒரே மந்திரம்தான்: "உருக்குனா தெரிஞ்சிடும்." மாற்றில், அதாவது தங்கத்தின் தரத்தில் சந்தேகமா, உருக்கு. உள்ளே அரக்கு இருக்கிறதா, உருக்கு. பொண்டாட்டி கொண்டுவந்த நகையில் சந்தேகமா, அதையும் உருக்கு. உருக்கின பிறகு எடை குறைந்தால் அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார், சேதாரம். மனுஷன் செய்கிற எந்தத் தப்பையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அறை வாடகைக்கு விடுகிற வீடு ஒன்று இருந்தது. அங்கே சமையல் வேலை செய்தவள் அஞ்சலை. புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். அந்த வீட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிழவர் ஒருவர் குளிர்காலம் தோறும் வந்து தங்குவார். ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டார். அஞ்சலைதான் கஞ்சி வைத்துக் கொடுத்து, கைத்தாங்கலாகப் பிடித்து நடக்கவைத்துத் தேற்றினாள். இனிமேல் வரமுடியாது என்று தெரிந்து ஊருக்குப் புறப்பட்டபோது, கறுப்புக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் போட்டிருந்த மஞ்சள் கட்டியைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அஞ்சலை அதை விற்க நினைக்கவில்லை. கயிறு நைந்துபோய், கட்டியின் தலையில் இருந்த வளையமும் ஆட ஆரம்பித்தது. வளையத்தைச் சரிசெய்து வாங்கலாம் என்று நேராகப் பெரிய பத்தர் கடைக்குப் போனாள். ஊரில் அத்தனை பட்டறை இருக்க, விதி அவளை அங்கேதான் அனுப்பியது. ஏனென்றால் அஞ்சலை வேலை செய்த வீட்டுக்காரம்மாவின் சங்கிலி அந்த வாரம்தான் காணாமல் போயிருந்தது. அந்தச் சங்கிலியைச் செய்தவர் பெரிய பத்தர். சங்கிலியைக் காணோம், அந்த வீட்டு வேலைக்காரியின் கையில் ஒரு கட்டி. பெரிய பத்தர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினார். வீட்டுக்காரர் போலீஸோடு வந்தார்.

பெரிய பத்தரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தொழிலில் யோக்கியமானவன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தார். யோக்கியர்களால் வருகிற கஷ்டத்துக்கு மருந்து கிடையாது.

பிடித்துக்கொடுத்தவரே சான்றும் எழுதினால் கோர்ட்டில் நிற்காது என்று எஸ்.ஐ. என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது அஞ்சலை ஸ்டேஷன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவளிடம் ஒரே கேள்விதான்: எங்க இருந்து வந்துச்சு. அவளிடமும் ஒரே பதில்தான்: வெள்ளைக்காரர் குடுத்தாரு, அவங்க ஊர்ல மண்ணுல கெடைக்குமாம். எஸ்.ஐ.க்கு இதில் ஒரே சிரிப்பு.

"கேட்டீங்களா பத்தரே, அவங்க ஊர்ல மண்ணுல தங்கம் கெடைக்குதாம். அவரு அதெல்லாம் விட்டுட்டு இங்க வந்து கஞ்சி குடிக்கிறாராம்."

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் கூட்டுறவு வங்கியில் இயக்குநர். எனக்கு அந்த மதிப்பீட்டாளர் வேலையைப் போட்டுக்கொடுத்தவரும் அவர்தான். என்னைப் பார்த்து அதை நினைவுபடுத்துகிற மாதிரி அன்பாகச் சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி கைக்குட்டையும் கையுமாக. பெரிய பத்தர் குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், மூசைக் கிண்ணம், உருகும்போது தூவுகிற வெங்காரம் எல்லாவற்றையும் ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார். உருக்கினால் சங்கிலிக் கண்ணிகளை ஒட்டவைத்த பற்று வெளியே தெரியும், நிறம் தெரியும், எல்லாம் தெரியும் என்று எஸ்.ஐ.யை நம்பவைத்துவிட்டிருந்தார். எடைகூடக் கிட்டத்தட்ட ஒத்துப்போயிற்று. கட்டி கொஞ்சம் கம்மி. கம்மிக்குக் காரணம் கேட்டதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கட்டியை வாங்கிப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்கு முன்னால் நான் மண்ணிலிருந்து எடுத்த தங்கக் கட்டி எதையும் கையில் தொட்டதில்லை. பார்த்ததெல்லாம் ஒரே ஒரு கல்தான். என் மச்சான் கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்தான். எங்கள் ஜில்லாவிலிருந்து அங்கே போனவர்கள் ஜாஸ்தி. அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, வெள்ளைக்கல்லுக்குள் நூல் மாதிரித் தங்கம் ஓடுகிற ஒரு துண்டைக் காட்டினான். பூமிக்குள்ளே இருக்கும்போதே அதில் வெள்ளி கலந்திருக்கும், செம்பு நாம் சேர்ப்பதுதான் என்றும் சொன்னான். ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தது. அன்றைக்கு என்னிடம் இருந்த மொத்த ஞானம் அவ்வளவுதான்.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கட்டியின் மேடுகள் எல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தன. பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ மணல் மணலாக இருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தேன், வரவில்லை. தங்கம் அதைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருந்தது. உருக்கி ஊற்றின கட்டியில் இந்த மாதிரி வெள்ளைக்கல் உள்ளே உட்கார்ந்திருக்காது, மேலே மிதந்து வந்து வெங்காரத்தோடு கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். உருக்கின கட்டி ஆறும்போது நடுவில் குழி விழும். இதில் அதுவும் இல்லை.

இதற்குள் பெரிய பத்தர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். "என்னடா தடவிக்கிட்டே இருக்கே. குடு, உருக்குனா தெரிஞ்சிடும்" என்றார்.

இங்கேதான் தம்பிகளா, தங்கைகளா, நீங்கள் கவனிக்க வேண்டியது. அதை மூசைக்குள் போட்டால் அந்த வெள்ளைக்கல் பிரிந்துபோகும், தேய்ந்த மேடு போகும், பள்ளம் போகும். அப்புறம் வெளியே வருவது உருக்கின கட்டி. அஞ்சலை உருக்கினாள் என்றுதானே புகார், அந்தக் காரியத்தை நாமே செய்து முடித்துவிட்டு, ஆமாம் உருக்கித்தான் இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுப்போம். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பக்கம் குரு, ஒரு பக்கம் வேலை போட்டுக்கொடுத்தவர், எதிரே போலீஸ். தைரியசாலி என்று நான் எங்கும் பேர் எடுத்ததில்லை. ஆனால் தெரியாத பொருளை அழித்துத் தெரிந்துகொள்வது என்ன தொழில் என்று உள்ளே கோபமும் வந்தது. கட்டியைக் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டேன்.

"உருக்கிடலாம் சார்," என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன். "ஆனா உருக்குன அப்புறம் இது வேற பொருள். முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு யார் கேட்டாலும் என்னால சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உரசிப் பாத்துடறேன்."

எஸ்.ஐ. தலையாட்டினார். வீட்டுக்காரம்மாவின் கையில் இருந்த வளையலைக் கேட்டு வாங்கினேன். அதுவும் பெரிய பத்தர் செய்ததுதான், சங்கிலி செய்த அதே சமயத்தில் அதே தங்கத்தில். கல்லில் வளையலை ஒரு கோடு, கட்டியைப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன். மாற்று ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வளையலின் கோடு சிவந்து இருந்தது, கட்டியின் கோடு வெளிறி, லேசாகப் பச்சை ஓடியது. செம்பு சேர்ந்ததற்கும் வெள்ளி சேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம். எங்கள் ஊரில் சிவந்த தங்கத்தின் மேல்தான் பிரியம். பெரிய பத்தரின் நகை சிவப்புக்குப் பேர்போனது.

கல்லை அவரிடமே நீட்டினேன். இந்தக் கட்டியில் வெள்ளி இருக்கிறது, சங்கிலியில் நீங்கள் வெள்ளி கலந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டேன். அவர் கோட்டைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். கலந்தேன் என்று சொன்னால் அஞ்சலை திருடி. ஆனால் செம்பு மட்டும்தான் சேர்ப்பேன் என்று சொல்லிச் சொல்லி வாங்கிய பேர், செய்கூலி, கடைவாசலில் நிற்கிற கூட்டம் எல்லாம் என்ன ஆவது. ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"என் கையால செஞ்சதுல வெள்ளின்ற பேச்சுக்கே எடம் இல்ல," என்றார். "இது என் தங்கம் இல்ல."

கருணையால் காப்பாற்றப்பட்டவர்கள் பலர் உண்டு. அஞ்சலை ஒரு ஆசாரியின் வறட்டுக் கௌரவத்தால் காப்பாற்றப்பட்டாள்.

எஸ்.ஐ. லேசில் விடுகிறவர் இல்லை. திருட்டு இல்லை என்றால் இது கச்சாத் தங்கம், அப்போது வேலூருக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்றார். பாருங்கள், திருடவில்லை என்று நிரூபித்தால் அதற்கும் ஒரு வழக்கு தயாராக இருக்கிறது. கட்டியின் தலையில் ஆடிக்கொண்டிருந்த வளையத்தைக் காட்டினேன். வளையம் இருக்கிறது, கயிறு கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஆகவே இது பதக்கம், பதக்கம் நகை என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். சின்னக் கடுகளவு பற்றில் அன்றைக்கு ஒரு பெண்ணின் விடுதலை ஒட்டிக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. பொருளை அவளிடம் கொடுத்து, புகார் அப்படியேதான் இருக்கிறது, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

புகார் அப்படியே இருந்ததுதான் வினை. வீட்டுக்காரம்மா அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். செங்கம் ரோட்டில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும், வெள்ளைக்காரனின் பைனாகுலரோ மிளகாய்ப்பொடி டப்பாவோ, அஞ்சலைக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். புதிதாக வேலை கேட்டுப் போகிற இடத்தில் சம்பளம் பேசுவதற்கு முன்னால், உன்கிட்ட ஒரு தங்கக் கட்டி இருக்குதாமே என்று கேட்பார்கள். ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து கட்டியை என் முன்னால் வைத்தாள். உருக்கி ஒரு ஜோடி கம்மல் செய்துகொடுக்கச் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இந்த மாதிரி ஒன்று இந்த ஜில்லாவிலேயே இருக்காது, பத்திரமாக வைத்துக்கொள் என்றேன். எனக்கென்ன, சொல்வது சுலபம்.

"கட்டியா இருந்தா எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கறாங்க பத்தரே. கம்மலா இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

எந்தக் கட்டியை உருக்க விடாமல் கைக்குள் மூடி வைத்துக்கொண்டேனோ, அதை நானே மூசையில் போட்டு ஊதினேன். உருகுகிற வரை அந்தப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கல் பிரிந்து மேலே வந்து வெங்காரத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தங்கம் மண்ணிலிருந்து வந்தது என்பதற்கு இருந்த சாட்சி அதுதான். தட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கம்மல் மட்டும் நன்றாக அமைந்தது. கூலி வாங்கவில்லை, சேதாரமும் போடவில்லை.

சில மாதம் கழித்து, வீட்டுக்காரம்மா என் பட்டறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பஸ் ஸ்டாண்டில் அஞ்சலையின் காதில் கம்மலைப் பார்த்தாராம், ரொம்ப நன்றாக இருந்ததாம், யார் செய்தது, செய்கூலி எவ்வளவு என்று விசாரித்தாராம். தங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அஞ்சலையின் கணக்கு சரியாகிவிட்டது. பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சங்கிலி. அம்மா வீட்டுப் பழைய நகை, உருக்கி அதே மாதிரிக் கம்மலும் மிச்சத்துக்கு மோதிரமும் செய்துதர வேண்டும் என்றார்.

கல்லில் உரசினேன். கோடு சிவந்து வந்தது. கொக்கியைப் பார்த்தேன். அந்த மாதிரிக் கொக்கியைப் பெரிய பத்தரிடம் அடி வாங்கி அடி வாங்கி நானே எத்தனையோ செய்து பழகியிருக்கிறேன். அவரிடம் கொண்டுபோனால் அடையாளம் தெரிந்துவிடும், இவன் அந்தச் சங்கிலியைப் பார்த்ததே இல்லையே என்றுதான் அந்த அம்மா என்னிடம் வந்திருக்கிறார். நியாயமான யோசனைதான், கொக்கியை மட்டும் மறந்துவிட்டார்.

உருக்கிவிட்டால் கதை முடிந்தது. கம்மலும் மோதிரமும் ஆகிவிடும், அஞ்சலை மேல் இருக்கிற புகார் மட்டும் உருகாமல் கிடக்கும். எதிர் டீக்கடையில் ஸ்டேஷன் ஏட்டு, ஊரெல்லாம் பாய் என்று கூப்பிடுகிறவர், தினமும் அந்த நேரத்துக்கு வந்து உட்காருவார். வீட்டுக்காரம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, ஏட்டைக் கையசைத்துக் கூப்பிட்டேன். சங்கிலியை அவர் கையில் கொடுத்து, இதை யார் செய்தது என்று பெரிய பத்தரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறியது.

பாய் நிதானமான மனுஷன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"எங்க இருந்தும்மா வந்துச்சு?"

அஞ்சலை ஒரு பகல் முழுக்கத் தாங்கிய கேள்வி அது. வீட்டுக்காரம்மா பாயின் டீ ஆறுகிற வரைக்கும் தாங்கவில்லை. அழுதுவிட்டார். பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்ததாம். அஞ்சலையை வேலையிலிருந்து நிறுத்தின கொஞ்ச நாளிலேயே கிடைத்துவிட்டதாம். புகார் கொடுத்துவிட்டு இப்போது போய்ச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், விடு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். நாலு பேர் சிரிக்கக் கூடாது என்பதற்காக ஒருத்தி அத்தனை மாதமாக ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

புகார் அன்றோடு மூடப்பட்டது. சீக்கிரத்திலேயே கூட்டுறவு வங்கியில் என் மதிப்பீட்டுத் திறமை மேல் இயக்குநர்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. திறமை என்ன ஆயிற்று என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். பெரிய பத்தருக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவர் அதற்கப்புறம் என்னோடு பேசினார், அதுவும் ஒரே ஒரு வாக்கியம்: "கொக்கிய மறக்கல பாரு." அவரிடமிருந்து நான் வாங்கிய பாராட்டு மொத்தமே அதுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் மெஷின் கட்டியில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்லும். அது பூமியிலிருந்து வந்ததா, ஒருத்தி கழுத்திலிருந்து வந்ததா என்று சொல்லாது. அது பள்ளத்திலும் மேட்டிலும் ஒட்டின மண்ணிலும் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள், பிறகு எவ்வளவு ஊதினாலும் அது திரும்பி வராது. இந்தப் பாடம் எனக்கு ஸ்டேஷனில் பாதிதான் தெரிந்தது. அஞ்சலையிடம் விஷயத்தைச் சொல்லப் போனபோதுதான் மீதி தெரிந்தது.

அப்போது அவள் ஒரு லாட்ஜ் சமையற்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். இனிமேல் ஸ்டேஷனிலிருந்து ஆள் வராது, யாருக்கும் எதுவும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அத உருக்கியிருக்கவே வாணாம்ல?"

கம்மலைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இத மறுபடியும் அந்தக் கட்டியாவே பண்ணித் தர முடியுமா பத்தரே? அந்தத் தாத்தா போட்டிருந்த மாதிரியே."

அட்டிகை, ஒட்டியாணம், சாமிக்குக் கவசம்வரை செய்த கை இது. மாதிரி காட்டினால் எதையும் செய்துவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன்.

"முடியாதும்மா," என்றேன். "நான் பண்ணா அது உருக்குன கட்டியாத்தான் இருக்கும்."

"ஸ்டேஷன்ல அவங்க சொன்னாங்களே, அந்த மாதிரியா?"

"ஆமாம்மா," என்றேன்.